மூன்று மாத டெங்கு

பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால்
நெல்லைத் திருப்பி அனுப்புகிறவன் நான்.
நீடாமங்கலத்துக்குக் கிழக்கே
தார்ப்பாய்க்கும் மழைக்கும் நடுவில்
ஒரு கொள்முதல் நிலையம், ஒரு தராசு,
பருவத்தோடு முடியும் எழுத்தர் வேலை.
மீட்டர் பத்தொன்பது காட்டும்.
வந்தவர் என் முகத்தைப் பார்ப்பார்.
நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐப்பசியில் என்னை அளந்தார்கள்.

பல் துலக்கிய நுரை சிவந்திருந்தது.
கணுக்காலில் கேழ்வரகு இறைத்தாற்போல் புள்ளிகள்,
அமுக்கினாலும் மறையாதவை.
மேசை விளிம்பு லேசாக இடித்த தொடையில்
கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல்.
பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம்.
டெங்கு இல்லை என்றது ஒரு தாள்.
இன்னொரு தாளை,
திருவாரூர் ஆஸ்பத்திரியில்
கதவைச் சாத்திவிட்டுப் படித்தார்கள்.

எச்.ஐ.வி.
சி.டி.ஃபோர் நூற்றுத் தொண்ணூறு.

டாக்டர் படம் போட்டு விளக்கினார்.
எனக்குத் தெரிந்த படம் வேறு:
வெண்ணாற்றில் வெள்ளம், கரையில் உடைப்பு,
இருட்டில் மணல்மூட்டையோடு ஓடுகிறான் ஒருவன்.
காவலுக்கு நிற்கிறவன் குழம்பிப்போய்
அவனையே கள்ளன் என்று அடித்துப் போடுகிறான்.
அப்படித்தானா சார்?
பேனாவை மூடிவிட்டு
'கிட்டத்தட்ட' என்றார்.
'காவலுக்கும் ஆள் குறைஞ்சுபோச்சு.
ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை.
ஒரு நாளும் விடாதீங்க. ரெண்டும் ஏறும்.'

லீவு முடிந்து வந்தவனிடம்
'டெங்கா?' என்று கேட்டார்கள்.
தலையை ஆட்டினேன்.
ஒரே ஒரு ஆட்டல்.

மறுநாள் காலை
மூட்டை தூக்கும் வைரக்கண்ணு
டானிக் பாட்டிலில் பப்பாளி இலைச்சாறு கொண்டுவந்தார்.
வேப்பெண்ணெய் தோற்றுப்போகும் கசப்பு.
பில் புத்தகத்தை மூடிவிட்டு
அவர் பார்க்கப் பார்க்கக் குடித்தேன்.
அதற்கு மறுநாளும். அதற்கு மறுநாளும்.

கார்த்திகையில் அறுபத்தோராயிரம்.
'பாத்தீங்களா, இலை வேலை செய்யுது' என்றார்.
சட்டைப் பையில் மாத்திரை குலுங்கியது.

தை. சம்பா நெல் வந்து குவிந்தது.
மேட்டூரை மூடிய வாரம்
ஒரு லட்சத்து நாலாயிரம்.
சி.டி.ஃபோர் மட்டும் சோம்பேறி,
இருநூற்று முப்பத்தாறில் உட்கார்ந்திருந்தது.
வைரக்கண்ணு சாக்கின் வாயை மடித்துத் தைத்துக்கொண்டே
என்னைப் பார்க்காமல் சொன்னார்:
'டெங்குன்னா பத்து நாளு சார்.
உங்களுக்கு மூணு மாசமா இருக்கு.'
ஊசி உள்ளே போய் வெளியே வந்தது.
நான் எதையோ கூட்டத் தொடங்கினேன்,
ஏற்கெனவே கூட்டி முடித்த கணக்கை.

மறுநாளும் பாட்டில் வந்தது.

கூலிப் பாக்கி கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன்.
கொல்லையில் அந்தப் பப்பாளி
உச்சியில் ஒரு குருத்து தவிர
மொட்டையாய் நின்றது.
என் ஒரு தலையாட்டலுக்கு
அத்தனை இலை.
'ஆண் மரம் சார், காய்க்காது.
வேற எதுக்கு இருக்கு அது?'

அன்றைக்கு ராத்திரி லோடு.
ஒன்பது மணிக்கு போன் அதிர்ந்தது.
மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனேன்.
கேட்காமலே செம்பு நீண்டது.
அவசரத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டேன்.
குடித்த பிறகுதான் உறைத்தது.

விளிம்பைத் துடைக்கவில்லை அவர்.
மீதியை வாய் வைத்துக் குடித்தார்.
'வாங்க சார்,' என்றார்,
'லாரிக்காரன் கத்துறான்.'