வாகனம் என்பது

பெருமாள்மலைப் பிரிவில் ரியாசின் கணினிக் கடை.
கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் போவேன்.
அரசாங்கத் தளத்தைத் திறந்து
கொடைக்கானல் என்று தட்டினால்
கழிவறை கட்ட, கல்வெர்ட்டு கட்ட,
ஆஸ்பத்திரிப் போர்வை வெளுக்க என்று
யார் யாருக்கோ ஆன வேலைகள் ஓடி இறங்கும்.
எனக்கானது வந்தது ஆனியில் ஒரு வியாழன்:
தோகைவரைக்கு ரேஷன் அரிசி கொண்டுசேர்க்க
மாதம் இருபத்திரண்டு குவிண்டால்,
இரண்டு வருடம், திறந்த ஒப்பந்தப்புள்ளி.

நிபந்தனை ஆறு:
சொந்தப் பெயரில் மூன்று வாகனம்,
ஆர்.சி. புத்தக நகல் இணைக்க.

தோகைவரைக்குச் சாலை கிடையாது.
பாதை உண்டு.
பாறையில் குளம்பு தேய்த்த குழிகள் உண்டு,
மழைக்கு அதில் தண்ணீர் நிற்கும்.
என்னிடம் பதினோரு குதிரை.
ஒன்றுக்கும் நம்பர் பிளேட் இல்லை.

கேள்வி கேட்கக் கடைசி நாள் பதினெட்டு.
பதினேழாம் தேதி சாயங்காலம் தட்டச் சொன்னேன்:
"ஐயா, குதிரை வாகனமா?
இப்படிக்கு, பாக்கியசீலி."
இன்னும் நாலு வரி பணிவாகச் சேர்க்கலாம் அக்கா என்றான் ரியாஸ்.
கேள்வி அவ்வளவுதான் என்றேன்.

ஒன்பது நாள் கழித்துத் திருத்த அறிவிப்பு எண் ஒன்று:
வாகனம் என்பது பொதிவிலங்கையும் குறிக்கும்.
கால்நடை மருத்துவர் சான்று போதுமானது.
அன்று லாயத்தில் கொள்ளு ஒரு படி கூடுதல்.

பிறகு மூன்று இரவு கணக்கு.
குதிரைக்கு இரண்டு மூட்டை,
ஐப்பசியில் ஒன்றரைதான் ஏறும்;
அரை மூட்டைக்குப் பிரித்துத் தைக்கிற சணல் யார் செலவு?
லாடம். தவிடு. கூட நடக்கிற இரண்டு பேர் கூலி.
மாதம் ஒன்றாவது நொண்டும்,
நொண்டுவதும் தின்னும்.
இறங்கும்போது காப்பிக்கொட்டை கிடைத்தால் கழித்துக்கொள்ளலாம்,
கிடைக்காத மாதங்களை எங்கே எழுத?
அறுநூற்று நாற்பது என்று நிறுத்தினேன்.
வங்கியில் வைப்புத்தொகை எடுத்து,
விரல் நீள மின்கையெழுத்துச் சாவியைச் செருகி
அனுப்பு என்பதை நானே அழுத்தினேன்.

திறந்த நாளில் மூன்று பேர்.
வத்தலக்குண்டு லாரிக் கம்பெனி
குவிண்டாலுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருந்தது.
சாலை இல்லாத இடத்துக்கு அது மலிவுதான்.
இடம் பார்த்த சான்று இல்லையென்று தள்ளினார்கள்.
அடுத்தது நான்.
அடுத்தது பண்ணைக்காடு வியாகுலம்,
அறுநூற்று முப்பத்திரண்டு.

கேட்டவர் பெயரை மறைத்து
பதிலை எல்லோருக்கும் வெளியிடுவதுதான் சட்டம்.
நான் தட்டித் திறந்த கதவில்
அவனும் ஆறு குதிரையோடு நுழைந்திருக்கிறான்.
நியாயம்தான்.
நியாயம் எட்டு ரூபாய் குறைவாக இருந்தது.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில்
இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வந்தான்.
"ஒண்ணு குட்டி போட்டிருச்சு,
ஒண்ணுக்குக் கண்ணுல புண்ணு.
நாலை வெச்சு எத்தனை தடவ ஏற?
உன்னுதுல அஞ்சு விடு."
பிரிவு பதினேழு, உள்குத்தகை கூடாது என்றேன்.
அவன் அதுவரை வாசித்திருக்கவில்லை.
வாசலில் நின்று என் நகலை வாங்கி
டார்ச் வெளிச்சத்தில் விரல் வைத்து வாசித்தான்.
உதடு அசைந்தது.

கோபமாக இருக்கத்தான் நினைத்தேன்.
ஆனால் ஒன்றாம் தேதி அரிசி ஏற வேண்டும்.
தோகைவரையில் உலை வைக்கிறவர்களுக்கு
முதல் விலை யாருடையது, இரண்டாம் விலை யாருடையது
ஒன்றும் தெரியாது.
கீழே கிட்டங்கியில் மூட்டை வந்திறங்கியாயிற்று.

காலையில் ரியாஸ் ஷட்டர் தூக்கும்போது
நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்.
கேள்விக்கான நாள் முடிஞ்சு போச்சே அக்கா என்றான்.
பரவாயில்லை, தட்டு:
"ஐயா,
குதிரையை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு
அதன் பின்னால் நானும் நடந்து போனால்
அது உள்குத்தகையில் சேருமா?"