ஏழாவது நிமிடம்

ஞாயிறு மூன்று மணிக்கு
என் கடை வாசலில் இசை செத்துப்போகும்.
வாரா வாரம்.
நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை,
கின்ஷாசாவின் வெயில்,
காலடியில் ஜெனரேட்டர் ஒயர்.

செத்த தேதியில்தான் ஒத்துப்போக மாட்டார்கள்.
வரி அலுவலக இலுங்கா எழுபத்தெட்டு என்பான்.
அப்போது அவனுக்கு வயது இருபது.
வேன் ஓட்டும் என்சிம்பா தொண்ணூற்றொன்று என்பான்.
அவன் மீசை வைத்த வருஷம்.
யாருக்கு எப்போது இடுப்பு வளையாமல் போனதோ
அப்போதே கிட்டாரும் நின்றுவிட்டது.
நான் வாய் திறப்பதில்லை.
காலி பாட்டில் எண்ணுவது என் வேலை.

என்சிம்பாவும் என்சூசியும் இரட்டையர்.
ஒரே பாய், ஒரே பால், இப்போது ஒரே வேன்.
அந்தப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா உடைந்த அன்று
இவன் குரலோடு போனான், அவன் கிட்டாரோடு போனான்.
மாஸ்டர் லெங்கோ பாடினால்
ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிரஸாவீலில்,
விதவைகள் கழுவுகிற பாத்திரத்தைக் கீழே வைப்பார்கள்
என்பான் இவன்.
டெசிரே பொம்போவின் விரல் இல்லையென்றால்
உன் லெங்கோ சந்தையில் உப்பு விற்கிற குரல்
என்பான் அவன்.
விடிந்தால் ஒருவன் ஸ்டியரிங் பிடிப்பான்,
ஒருவன் கதவில் தொங்கி ஆள் கூப்பிடுவான்.
ரேடியோவை மட்டும் கழற்றி வைத்துவிட்டார்கள்.

போலம்பாதான் கோபக்காரன்.
கிழிந்த ஸ்பீக்கர் ஒட்டுகிறவன்.
எந்தப் பாட்டு எந்தக் காகிதத்தைக் கிழித்தது என்று
தடவிப் பார்த்தே சொல்வான்.
"அப்போது பாட்டுக்குள் ஒரே ஒரு பெண் இருந்தாள்.
அவள் வரமாட்டாள். அதுதான் பாட்டு.
இப்போது கேள்:
சுங்க அதிகாரி பெயர், வைர வியாபாரி பெயர்,
பிரஸ்ஸல்ஸில் பழைய கார் விற்கிறவன் பெயர்,
அவன் மச்சினன் பெயர்.
காசு கொடுத்தவனையெல்லாம் கூவுகிறார்கள்.
பாட்டா இது? கல்யாண மொய் நோட்டு!"
மேசையில் குத்தினான். டம்ளர் ஒன்று போயிற்று.
எழுதிக்கொண்டேன்.
மூன்று மாதமாக அவன் பக்கத்தில்
எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்,
கழித்ததில்லை.

எதிரே ரீசார்ஜ் கார்டு விற்கும் பையன்
புதுப் பாட்டு ஒன்றைப் போட்டான்.
போலம்பா ஒட்டிக்கொடுத்த அதே ஸ்பீக்கர்.
பாடுகிறவன் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை.
ஆறு நிமிடம் ஏதோ காதல்.
ஏழாவது நிமிடம் கிட்டார் ஓட ஆரம்பித்ததும்
லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி
பெயர்கள்.
ஒரு கர்னல். ஒரு சிமெண்ட் முதலாளி.
ஆன்ட்வெர்ப்பில் ஒரு சலூன்.
அப்புறம்,
"கபிங்கா! மத்தோங்கேயின் கபிங்கா!"
அப்புறம் இன்னொரு கர்னல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
என் பெயர்தான்.
ஆனால் மத்தோங்கேயில் கபிங்கா எத்தனை பேர்!
பொரித்த மீன் விற்பவள் கபிங்கா.
மருந்துக்கடையில் ஊசி போடுகிறவள் கபிங்கா,
அவளுக்குப் பெரிய இடத்தில் ஆள் உண்டு.
மருந்துக்கடைக்காரிதான் என்று
இத்தனை வருஷத்தில் முதல் முறையாக
இரட்டையர் ஒரே கட்சியில் நின்றார்கள்.
மீன்காரியை விட்டுக்கொடுக்கவில்லை இலுங்கா.
பெயர் ஒன்றுக்கு எத்தனை டாலர் என்று
வரி போடுகிற முகத்தோடு விரல் மடக்கினான்.
லெங்கோவும் பொம்போவும் அனாதையாகக் கிடந்தார்கள்.

போலம்பா பேசவில்லை.
பீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்தான்,
கிழியாமல், முழுசாக.
"கழிசடைப் பாட்டு" என்றான் கடைசியில்.
யாரும் இல்லையென்று சொல்லவில்லை,
அவனும் மேசையைக் குத்தவில்லை.

நோட்டைத் திறந்து அவன் பக்கத்தைக் கூட்டினேன்.
ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை.
தொகை என்னவோ அதேதான்.
இரண்டு கர்னல்களுக்கு நடுவில்
ஒன்றரை விநாடி இருக்குமா?
அதற்குள் அந்தப் பையன்
என் பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தான்.
அந்த இழுப்புக்குத் தனியாகக் காசு வாங்குவார்களோ என்னவோ.

பாட்டு மோசம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு
தெருவைத் தாண்டினேன்,
ரீசார்ஜ் கார்டு வாங்க.
என் போனில் காசு நிறையவே இருந்தது.