மற்ற இடங்கள்

வானிலை அறிக்கையில்
எங்கள் ஊருக்கு ஒரு பெயர் உண்டு:
மற்ற இடங்கள்.
தலைநகரில் தூறல், பினாங்கில் வெயில்,
ஜொகூர் பாருவில் இடி,
மற்ற இடங்களில் மழை.

அந்த மழையில்தான் ஒருமுறை
லாபிஸ் ஆற்றோரம் எங்கள் மூன்று லயங்கள்
கட்டில்மேல் கட்டில் அடுக்கி விடிந்தன.
பாலம் இருக்கிறதா போய்விட்டதா என்று
இரவெல்லாம் வானொலியைத் திருகினாள்
பக்கத்து வீட்டு இந்திராணி.
பிறந்தநாள் வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன.

இப்போது ஒரு படிவம் வந்திருக்கிறது,
செம்பனை ஆலையின் எடைமேடைக் கிராணிக்கு,
அதாவது எனக்கு.
தேசிய ஒலிபரப்பு நிலையம் கேட்கிறது:
நிகழ்ச்சிகள் எங்கிருந்து தயாராக வேண்டும்?
ஒன்றில் மட்டும் குறியிடவும்.
தலைநகர்.
மாநிலத் தலைநகர்.
மற்ற இடங்கள்.

பேனாவை எடுத்தேன்.
லோரி வந்தது.
வைத்துவிட்டேன்.

போன ஆண்டு ஒரு வேனில் வந்தார்கள்.
ஆலைச் சங்கைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்றார்கள்.
வேகும் பழத்தின் வாடை ஒலிவாங்கியில் ஏறாது என்று
தங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.
குலை வெட்டும் கருப்பையனிடம்
இயல்பாகப் பேசுங்கள் என்றார்கள்,
ஆனால் லோரி வேண்டாம், சரக்குந்து.
அவன் மூன்று முறை சரக்குந்து என்றான்.
மூன்றாவது முறை இருமல் வந்துவிட்டது.
இருமலை வெட்டிவிட்டு
பதினொரு விநாடி ஒலிபரப்பினார்கள்.

பழக்க தோஷம், அந்த வேனையும் நான் எடை போட்டேன்.
எங்கள் கணக்கு எளிது:
சுமையோடு எடை, வெறும் வண்டி எடை,
கழித்தால் பழம்.
நான்கு மணி நேரம் எங்கள் பேச்சை ஏற்றிக்கொண்டு
வேன் திரும்பியபோது பத்து கிலோ கூடியிருந்தது.
திறந்து பார்க்கவில்லை.
ஹாலிம் கொடுத்தனுப்பிய டுரியான்.

நியாயமாகவும் பேச வேண்டும்.
எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு நிலையம் இருக்கிறது.
பேருந்து நிற்கும் தெருவில்
சன்னல்களைச் சிமெண்டால் அடைத்த மூன்று மாடி.
உச்சியில் ஒலிபெருக்கி.
இருட்டு விலகும் முன்பே தொடங்கிவிடும்
உழவாரக் குருவியின் குரல்,
பதிவு செய்த குரல்:
வா, இங்கே இடம் இருக்கிறது, வா.
ஆண்டுக்கணக்காய் அதே நாற்பது விநாடி.
பாடியது எந்த ஊர்க் குருவியோ,
உயிரோடு இருக்கிறதோ இல்லையோ.
நம்பி வருகின்றன.
எச்சிலைத் துப்பித் துப்பிக் கூடு கட்டுகின்றன.
மாதம் ஒருமுறை ஒரு கார் வந்து
கூடுகளை எடுத்துக்கொண்டு தெற்கே போகிறது.
தவ்க்கே சிங்கப்பூரில்.
கட்டடம் இங்கே இருந்தும்
நிலையம் இங்கே இல்லை.

அதனால்தான் குறியிடக் கை வரவில்லை.
மற்ற இடங்கள் என்று போட்டால்
நாளை இங்கேயும் சன்னல் இல்லாத ஒரு மாடி எழும்பும்,
குளிர்சாதனம் ஓடும்,
உள்ளே யாரோ சரக்குந்து என்பார்கள்.

பிறகு எங்கேதான்?
மரண அறிவித்தலில் செத்தவன் பெயரைத்
தப்பாக வாசித்த அறிவிப்பாளர்
மறுநாள் காலை ரொட்டிச்சானாய்க்கு வந்து நிற்க,
செத்தவனின் மச்சான் அதே மேசையில்
தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்க வேண்டும்.
திட்டு எட்டும் தூரத்தில்.

அதைத்தான் எழுதினேன்.
மூன்று பெட்டிகளையும் விட்டுவிட்டு
ஓரத்தில், குறுக்காக,
எடைச் சீட்டுக்குப் போடும் என் கையெழுத்தோடு.

ஆறு மணிக்கு அறிக்கை வாசித்தார்கள்.
மற்ற இடங்களில் மழை.
எழுந்து போய்
அரிசி வாளியைக் கட்டில்மேல் ஏற்றினேன்.
இந்திராணியின் வீட்டிலும்
எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.