தேர்ச்சி

ஹௌட்டன் ஆயுதச் சந்தை, மூன்றாவது வரிசை.
ஃப்ளோரிஸ் டெர் ஹார் என்னும் மெலிந்த மனிதர்
விலையில் ஒரு யூரோ இறங்கவில்லை.
"துரு கிடக்கட்டும், எழுத்துகளைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஆறு வாரமாகப் பார்க்கிறேன்.
சமையலறை மேசை. கண்ணில் லென்ஸ்.
ஜன்னலில் லேவார்டனின் சாய்ந்த மழை.
சட்டத்தில் ஒரு மகுடம், அடியில் V.
குழலில் மகுடம், V. உருளையில் மகுடம், V.
உளுந்தைவிடச் சிறிய திருகின் தலையிலும்
மூச்சை அடக்கிக்கொண்டு யாரோ அடித்த V.

ஆவணக் காப்பகத்தில் சம்பளப் பட்டியல் கிடைத்தது:
ஃபெர்ஹேய், ஃபோஸ், ஃபிஸ்ஸர்.
மூவரும் பரிசோதகர்கள், மூவருக்கும் ஒரே கூலி.
இவன் எவன் என்று காகிதத்துக்குத் தெரியவில்லை.

நானும் முத்திரைக்காரிதான்.
விடிகாலை ஐந்துக்கு இறைச்சிக்கூடம்,
கொக்கியில் நகர்ந்து வரும் பன்றிகள்,
ஈரல், நுரையீரல், கழலை,
பிறகு தோளில் நீள்வட்ட மை.
எத்தனை என்று எண்ணுவதை
இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டேன்.

நேற்றிரவுதான் கண்ணில் பட்டது.
விசைக்காப்பின் உள்பக்கம்
மகுடம் கீழே, எழுத்து மேலே,
கவிழ்ந்த V, ஆளில்லாத கூடாரம்போல.

அந்த நேரம் எனக்குத் தெரியும்.
பத்தே முக்கால். கை தானாகப் போகும்.
காபி ஆறிப் பாலாடை கட்டியிருக்கும்.
பக்கத்தில் நிற்பவர்
மைத்துனியின் கல்யாணச் சண்டையை
இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருப்பார்.

கைப்பிடியடியில் படைப்பிரிவு எண்.
கப்பலேறி அச்சே போனதற்குப் பதிவேட்டில் ஒரு வரி,
திரும்பி வந்ததற்கு ஒரு வரி.
நடுவே நான்கு ஆண்டு, கோடுகூட இல்லை.
அங்கே இதன் முன்னால் நின்றது யார்?
அளவு சரி. உருக்கு சரி. உருளை சுழல்கிறது.
அதற்கு மேல் அவன் வேலையல்ல.

அதற்கு மேல் என் வேலையல்ல:
நானும் சொன்னதுண்டு,
காய்ச்சல் கண்ட ஒரு பண்ணையைப் பற்றி,
தொலைபேசியில்,
மிக நல்ல குரலில்.

ஃப்ளோரிஸைக் கூப்பிட்டேன்.
"தலைகீழாகவா? அடடா,
தெரிந்திருந்தால் இன்னும் இருநூறு கேட்டிருப்பேனே!"
சிரித்தார். நானும் சிரித்தேன்.

எண்ணெய் தொட்டுத் துடைத்துப்
பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
காலையில்
முதல் பன்றியின் முன்
முத்திரையைத் திருப்பி ஒருமுறை பார்த்தேன்.
பின்னால் கொக்கிகள் முட்டிக்கொண்டு நின்றன.
யாரோ கத்தினார்கள்.
அடித்தேன்.