காலியிடம் தேடும் நேரம்

ஷார்ஜா, அல் நஹ்தா. இரவு ஒன்பதே கால்.
வெப்பம் முப்பத்தெட்டு, ஈரம் எழுபத்தொன்று
என்று படிவத்தின் தலையில் எழுதுகிறேன்.
மூக்குக்கண்ணாடிக்கும் வேர்க்கிறது.
மூன்றாவது முறையாக அதே வெள்ளை சன்னி
என்னைக் கடந்து போகிறது.

நாலு தெருவுக்குள் நிற்கிற வண்டிகளின் எண்ணை
மணிக்கொரு தரம் குறிக்க வேண்டும்.
நிற்க இடமில்லாமல் சுற்றுகிறவர்கள்
எத்தனை நிமிடம் சுற்றுகிறார்கள் என்றும்.
எதிர்முனையில் மாரிசெல் கையெண்ணியை அழுத்துகிறாள்,
டிக், டிக்.
என்ன ஜெபம் இது என்று கேட்கிறார்
பட்டாணி வாட்ச்மேன்.

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே
இன்னும் கட்டாத மனை, வெறும் மணல்.
யாரும் கோடு கிழிக்கவில்லை, ஆனாலும் வரிசை இருக்கிறது.
வழியை மறித்து நிற்கும் ஒவ்வொரு வண்டியும்
கண்ணாடிக்குள் ஒரு கைபேசி எண்ணை வைத்திருக்கிறது:
கூப்பிடுங்கள், இறங்கி வந்து எடுக்கிறேன்.
மலையாளத்தில், உருதுவில், தப்பும் தவறுமாய் அரபியில்.
என் கையேடு இதை ‘முறைசாரா நிறுத்தம்’ என்கிறது.
அப்படியே போட்டேன்.

மூலையில் ஓர் ஆல்டிமா. நாலு சக்கரமும் காற்றிறங்கி
அறுபத்தொரு எண்ணிக்கையிலும் அசையாதது.
முன்கண்ணாடிப் புழுதியில் யாரோ விரலால்
‘போயிட்டான்’ என்று எழுதியிருந்தார்கள், தமிழில்.
நான் எழுதியது: நீண்டநேர நிறுத்தம்.

பேருந்து நிறுத்தம் கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஏசி.
ஒன்பது பேர் காத்திருப்பதாகக் குறித்தேன்.
பேருந்து வந்தது, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது.
மீதி ஏழு பேர் குளிருக்காக வந்தவர்கள்.
ஒருவர் நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
ஒன்பதை அடிக்கவா என்று கொஞ்ச நேரம்
பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நாலாவது சுற்றில் சன்னியைக் கைகாட்டி நிறுத்தினேன்.
ரபியுதீன். சொந்த ஊர் அதிராம்பட்டினம்.
மருந்துக் கிடங்கில் கணக்கு.
‘எவ்வளவு நேரமாச் சுத்துறேன்?’
‘இருபத்து மூணு நிமிஷம்.’
‘அவ்வளவுதானா?’

கேள்வி பதினொன்று:
பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வந்தால்
காரை விட்டுவிடுவீர்களா?
டேஷ்போர்டில் சாய்த்துவைத்த போனிலிருந்து
‘யாருங்க அது?’ என்றது ஒரு குரல்.
‘சர்வே எடுக்குறவங்க, இரு’ என்றவர்
என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.
‘ரூம்ல ஆறு பேருங்க. பாத்ரூம் வாசல்லகூட ஆள் நிக்கும்.
சாத்திக்கிட்டுப் பேசுறதுக்கு எனக்குன்னு இருக்கிறது
இந்த நாலு கதவுதான்.’

பேசிக்கொண்டிருக்கும்போதே முன்னால்
ஒரு பஜீரோ பின்னெடுத்து வெளியேறியது.
முழுசாக ஓர் இடம், மஞ்சள் விளக்கின் கீழ்.
அவர் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.
பின்னால் ஹாரன் அடித்தவனுக்கு
போ என்று கைகாட்டினார்.
அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

காலியிடத்தைக் கண்டவன் நிறுத்துவான்
என்பதுதான் என் சமன்பாட்டின் முதல் வரி.

ஆனாலும் அவருக்கு எதிராகத்தான் பரிந்துரை எழுதுவேன்.
சுற்றுகிற வண்டிகளின் புகையை வாங்கிக்கொண்டு
இரண்டு கைப்பையும் ஒரு தூங்கும் பிள்ளையுமாக
நடைபாதை இல்லாத ஓரத்தில் போகிறாளே ஒருத்தி,
அவளை எந்தக் கேள்வியும் கேட்க என் படிவத்தில் இடமில்லை.
மனையை மூடு, கட்டணத்தை ஏற்று, பேருந்தைக் கூட்டு:
மூன்றும் சரி என்று எனக்குத் தெரியும்.
வாகனம் மறித்தல் ஒன்று, கேள்வி பதினொன்றுக்கு விடையில்லை ஒன்று,
இரவுக்கான கூட்டலை முடித்தேன்.

பத்தேகாலுக்கு மறுபடியும் வந்தார்.
முகத்தில் நீல வெளிச்சம், என்னைப் பார்க்கவில்லை.
முப்பத்தெட்டு நிமிடம்.
குறிப்பு என்ற கட்டம் ஒரு வண்டிக்கு அரை அங்குலம்.
‘கதவு’ என்று மட்டும் எழுத முடிந்தது.

மறுநாள் கணினியில் ஏற்றும்போது மாரிசெல் கேட்டாள்,
அந்த சன்னிக்குக் கதவு உடைந்திருந்ததா?
இல்லை என்றேன்.
நன்றாகவே சாத்துகிறது.