நியூட்ரல்

தொப்பூர் இறக்கத்துக்கு முன்
கடைசி பங்க் எங்களுடையது.
விடியுமுன் நிலத்தடித் தொட்டிக்குள்
பித்தளைக் கோலை இறக்கி எடுப்பேன்.
ஈரம் ஏறிய இடம்
நேற்றைக்கு நான்கு விரல் கீழே.
நோட்டில் எழுதுகிறேன்.
முதலாளி நோட்டைத் திறப்பதில்லை;
பெயர்ப்பலகைக்குப் புது விளக்குப் போட
ஆள் வரச் சொல்லியிருக்கிறார்.

டேங்கர் வந்து ஆறு நாள்.
என்ன ஆகும் என்று
வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.
எனக்கு எத்தனை லிட்டர்,
அவனுக்கு ஏன் அத்தனை,
அதுதான் சண்டை.
ஒற்றை ஆளோடு பெரிய கார் ஒன்று
ஏசி ஓட நிற்கிறது.

ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய
முனிரத்தினம் மட்டும் சிரிக்கிறார்:
"எறக்கத்துல எதுக்கும்மா டீசல்?
கியர எடுத்துட்டா தானா உருளும்.
பள்ளம் இருக்கிற வரைக்கும்
பஞ்சமில்ல."

'நியூட்ரலில் இறங்காதீர்'
போலீஸ் வைத்த பலகை
அவர் விளக்கில் ஒரு கணம் மின்னி
இருண்டுபோனது.

சத்தமே இல்லை.
பத்துச் சக்கரமும்
சும்மா கிடைத்த வேகத்தில்.
இங்கிருந்து பார்க்க
எவ்வளவு சுகமாகப் போகிறது.

பிரேக் கருகும் வாசனை
மேடேறி வந்துசேரக்
கொஞ்ச நேரம் பிடிக்கும்.
அதற்குள் அடுத்த வண்டி
ஹாரன் அடிக்கிறது.