சான்றாவணம் ஆறு

முழங்கால் பொய் சொன்னால் எனக்குப் பிடிபட்டுவிடும்.
வீடு வீடாய்ப் போய்
மூட்டு பிடித்துப் பயிற்சி கொடுக்கிற தொழில்.
வலிக்கலம்மா என்று சிரிக்கிறவரின்
தொடைத்தசை துடிப்பது விரலுக்குத் தெரியும்.
அந்த விரலால்தான்
வண்ணார்பேட்டை ஷோரூமில்
ஒரு வெள்ளைக் காரைத் தடவிப் பார்த்துவிட்டு
மூன்று லட்சத்து நாற்பதாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.

"டாக்டர் ஓட்டுன வண்டிம்மா.
வீடு, ஆஸ்பத்திரி; ஆஸ்பத்திரி, வீடு.
வேற தெருவயே பாத்திருக்காது"
என்றார் கோமதிநாயகம்.
உள்ளே எலுமிச்சை வாசம்.
எதை மறைக்க இவ்வளவு வாசம் என்று
கேட்கத் தோன்றவில்லை அன்றைக்கு.

பதினெட்டாம் நாள்
ஈரடுக்குப் பாலத்தின் உச்சியில்
விளக்கெல்லாம் ஒருதரம் கண்சிமிட்டி அணைந்தது.
பின்னால் தென்காசி பஸ்ஸின் அலறல்.
இறங்கித் தள்ளினேன்.

மேலப்பாளையம் மைதீன் பிச்சை
பானட்டைத் திறக்கவே இல்லை.
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்தார்.
இழுத்தார், இழுத்தார்,
எந்த உடம்புக்கும் தேவைப்படாத நீளத்துக்கு.
கடைசி முழத்தில் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே கறுப்பு, கீழே காய்ந்த வண்டல்.
"எல்லாத்தையும் கழுவிருக்கான்,
இத மறந்துட்டான்.
தாமிரவருணி குடிச்ச வண்டிம்மா இது."

கோமதிநாயகம் ரசீதை நீட்டினார்.
அடியில் பொடி எழுத்து:
உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்.
அதற்கும் கீழே என் கையெழுத்து,
அவசரத்தில் வால் நீண்டு.
"படிச்ச பிள்ளதானே நீங்க?"

அன்றிரவு மறுபடி படித்தேன்.
உள்ளது உள்ளபடி.
சரி அண்ணாச்சி, உள்ளதை வாங்கினேன்.
உள்ளதைச் சொன்னீர்களா?
பழைய வண்டியில் கீறல் இருக்கும்,
டயர் தேய்ந்திருக்கும்,
அதெல்லாம் என் கண்ணின் பாடு.
பெல்ட்டுக்குள் சுருட்டி வைத்த ஆறு
யார் பாடு?

ஆர்.சி.யில் இருந்த பழைய பெயரைத் தேடி
ஆழ்வார்திருநகரி போனேன்.
டாக்டர் இல்லை, உரக்கடை ஆதிநாதன்.
"அந்த மார்கழில ரெண்டு நாள்
தண்ணிக்குள்ள கெடந்துச்சு.
முழு நஷ்டம்னு இன்சூரன்ஸ்ல எழுதிக் குடுத்து
எடுத்துட்டுப் போனாங்களே,
இன்னுமா ஓடுது?"
கடித நகலைத் தந்தார்.
சீட்டுக்கு அடியில் கிடைத்த
பட்டாம்பூச்சி கிளிப்பை நான் தந்தேன்.
அவர் மகள் வாங்கி முகர்ந்து பார்த்தாள்.
"இது சின்னப்பிள்ளைல போட்டது" என்று
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நுகர்வோர் ஆணையத்தில்
வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே எழுதலாம் என்றார்கள்.
கொடுத்த விலை ஐந்து லட்சத்தைத் தாண்டாததால்
மனுவுக்குக் கட்டணமும் இல்லை.
இரண்டு வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
வந்திருந்தேன்.
ஒன்று, ரசீது.
இரண்டு, ஆர்.சி.
மூன்று, டாக்டர் வண்டி என்ற வாட்ஸ்அப் விளம்பரம்.
நான்கு, நஷ்டக் கடிதம்.
ஐந்து, மைதீன் பிச்சை கைப்பட எழுதியது,
எழுத்துப்பிழைகளோடு.
பிறகு, ஒரு மாத்திரை டப்பாவில்
சுரண்டி எடுத்த வண்டல்.
"இதுக்கு என்னம்மா போட?" என்றார் டைப் அடிக்கிறவர்.
ஆறு என்றேன்.
"நம்பர் சரி, பேரு?"
அதுவும் அதுதான் என்றேன்.

மூன்றாம் வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்:
"வாங்குவதற்கு முன்
மனுதாரர் ஓட்டிப் பார்த்தார்தானே?"
ஓட்டிப் பார்த்தேன் ஐயா,
மூழ்கிப் பார்க்கவில்லை.
யாரோ சிரித்தார்கள்.
நாயகம் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வரவில்லை இன்னும்.
அடுத்த வாய்தா இருபத்து மூன்றாம் தேதி.

டவுன் பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறுகிறது.
கீழே ஆறு,
ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாத முகத்தோடு
முழங்கால் அளவு ஓடுகிறது.
பெருமாள்புரத்தில் ஒரு இடுப்புவலி
ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறது.
மணி ஐந்து ஐம்பது.